சந்திர மண்ணும் அரியலூர் வாலிபர்களும்

2023ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23ந் தேதி மாலை சந்திரயான்-3 சந்திரனின் தென்பாகத்தில் இறங்கியபோது தேசமெங்கும் பொங்கிய ஆனந்தத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கு ஊர்ந்து சென்ற சிறு வண்டி மண்ணைச் சோதித்துக் கூறிய செய்தி யாது என்பதை அதே ஆவலுடன் விசாரித்தவர் எத்தனை பேர்? அவ்விடத்து மண் 'அனார்த்தொசைட்' என்னும் வெளிறிய பாறை இனத்தைச் சேர்ந்தது என்று 2024ல் நமது விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தார்கள். அப்பாறை நமக்கு அன்னியமன்று. நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டியில் அது கண்ணெதிரே கிடக்கிறது. சந்திரனில் இறங்கும் கருவிகளைச் சோதிப்பதற்காக அதை டன் கணக்கில் பொடி செய்து பெங்களூருக்குக் கொண்டு சென்றார்கள். சேலம் பெரியார் சர்வகலாசாலையின் பூகர்ப்ப சாஸ்திரிகள் இவ்வேலைக்குத் துணை நின்றார்கள். விமானம் கட்டத் தெரிந்தவனும் பாறையைப் படிக்கத் தெரிந்தவனும் கைகோத்தாலன்றி இக்காரியம் கைகூடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இவ்விரு வித்தைகளையும் ஒன்றாகப் பயிற்றும் மேற்படிப்பு வெளிநாட்டில் தோன்றிவிட்டது. 1874ல் சுரங்கத் தொழிலுக்காக நிறுவப்பட்ட அமெரிக்க தேசத்துக் கொலராடோ சுரங்கக் கலாசாலை 2018ல் விண்வெளி வளங்களைப் பற்றிய பட்ட மேற்படிப்பைத் தொடங்கிற்று. கிரகங்களில் என்ன இருக்கிறது, அதை எப்படித் தேடுவது, காற்றில்லாத இடத்தில் எப்படித் தோண்டுவது, தோண்டியதை என்ன செய்வது, அதன் செலவும் சட்டமும் யாவை என்பனவே அத்தகைய படிப்பின் விஷயங்கள்.

இது வெறுங் கனவென்று சிலர் நகைக்கக்கூடும். 2008ல் புறப்பட்ட நமது சந்திரயான்-1 சுமந்து சென்ற கருவியன்றோ சந்திரனில் நீரின் அறிகுறி உண்டென்பதை 2009ல் வெளியாக்கியது! சூரிய ஒளி என்றும் படாத துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதாகத் தெரிகிறது. அதை உருக்கினால் குடிநீர். மின்சாரத்தால் பிரித்தால் சுவாசிக்கப் பிராணவாயுவும், ராக்கெட்டுக்கு எரிபொருளும் ஆகும். சந்திர மண்ணின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் பிராணவாயுவே. அது பாறையோடு பிணைந்து கிடக்கிறது. பிணைப்பை அறுக்கக் கடும் உஷ்ணம் வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டு, ஏறக்குறைய 1,450 டிகிரியில் சிமெண்டாக்கும் அரியலூருக்குப் பாறையையும் நெருப்பையும் பற்றி எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரியலூரும் பெரம்பலூரும் சாமானியமான பூமியன்று. இங்குள்ள கடற்படிவுகளை 19ம் நூற்றாண்டிலேயே ஹென்றி பிளான்போர்டு வகுத்து, அவற்றிலொன்றுக்கு அரியலூர் என்றே பெயரிட்டார். பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில் சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முந்தியதென்று கூறப்படும் கல்லான மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940ல் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குக் காட்டினார். 6 கோடியே 60 லக்ஷம் வருஷங்களுக்கு முன் வானினின்று விழுந்த பெருங்கல் ஒன்று பிராணிகளின் சரித்திரத்தையே மாற்றிற்று. அக்காலத்துக்கு முன்னும் பின்னும் படிந்த மண் அரியலூர்ப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கிறது. வானமும் பூமியும் ஒரே சரித்திரம் என்பதைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடசாலை உண்டோ?

அறிவுக்கும் இங்குப் பஞ்சமில்லை. அரியலூரில் பிறந்த ந. வளர்மதி அம்மையார் 1984ல் இந்திய விண்வெளி ஸ்தாபனத்தில் சேர்ந்து, 2012ல் ஏவப்பட்ட ரிசாட்-1 என்னும் ராடார் செயற்கைக் கோளின் திட்ட இயக்குநராக விளங்கினார். 2015ல் அப்துல் கலாம் விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே.   அவரைப் பின்பற்ற அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வழி செய்திருக்கிறோமா என்பதே நமது கேள்வி.

"ஏழைத் தேசத்துக்குச் சந்திரன் எதற்கு? சுரங்கத் தூசியில் அவதிப்படும் கிராமத்துக்கு முதலில் நல்ல பாதை போடுங்கள்" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது, பாதையும் வேண்டும். ஆயினும் கல்லை விற்பவன் கையில் குழிதான் மிஞ்சும். கல்லைக் கற்றவன் கையில் தொழில் மிஞ்சும். பூமியிலுள்ள வளத்தில் நம்மவர் கூலிக்காரராய் நின்றது போதும். வானத்து வளத்திலும் அவ்வாறே நிற்க வேண்டுமா?

சட்ட விஷயமும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. 1967ம் வருஷத்து விண்வெளி உடன்படிக்கை எந்த ராஜ்யமும் சந்திரனைத் தனதென்று பாத்தியம் கொண்டாடக் கூடாதென்கிறது. ஆனால் தோண்டி எடுத்த பொருள் எடுத்தவனுக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015லும், லக்ஸம்பர்க் 2017லும் சட்டம் செய்துகொண்டன. 2023 ஜூனில் இந்தியா ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அவ்வருஷத்திய நமது விண்வெளிக் கொள்கையும் தனியார் அவ்வித வளத்தை எடுத்து, உடைமையாக வைத்து விற்கலாமென்கிறது. கொள்கை வேறு, சட்டம் வேறு. ஆற்றுநீருக்குப் பங்கு கேட்கவே எத்தனை வருஷம் வழக்காடுகிறோம்! வானத்து நீருக்குப் பங்கு கேட்கும் சபையில், பாறையும் கணிதமும் சட்டமும் அறிந்த தமிழன் ஒருவனாவது அமர வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது இரண்டு. திருவனந்தபுரத்தில் 2007 முதல் நடைபெறும் இந்திய விண்வெளி விஞ்ஞானக் கலாசாலையும், தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகளும் கூடி, கிரக ஆராய்ச்சியையும் விண்வெளி வளத்தையும் தனிப் பட்ட மேற்படிப்பாக ஏற்படுத்த வேண்டும். அதில் சேரும் சுரங்கப் பிரதேசத்து ஏழை மாணவர்களுக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும்; அரியலூர்க் கல்லினால் லாபம் பெறுவோரும் அதில் பங்கேற்பது கடமை.

கடலாயிருந்த இடம் கழனியாகி, கழனி சுரங்கமானதை இப்பூமி கண்டிருக்கிறது. அச்சுரங்கத்தின் கரையிலுள்ள பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை சந்திரனின் மண்ணை ஆராயப் புறப்படுவானாயின், அதுவே இக்கல்லுக்கு நாம் பெறும் சரியான விலையாகும்.