அலுமினியச் சக்கரங்களை மெருகிடும் முறை

மேய்ச்சல் நிலங்கள் பரந்து கிடக்கும் நாடுகளில், பண்ணையாளர் ஏறிச் சென்ற குதிரையின் இடத்தை நான்கு சக்கரமுள்ள ஒரு சிறு மோட்டார் வண்டி பெரும்பாலும் கைக்கொண்டுவிட்டது. சேறு, மணல், மேடு, பள்ளம் ஆகிய எதிலும் செல்ல வல்லதாகையால் இதனை எல்லா நிலத்திலும் ஓடும் வண்டி என்றும், சுருக்கமாக ஏ.டி.வி. என்றும் வழங்குவர். 1970-ஆம் ஆண்டில் ஹோண்டா கம்பெனியார் அமெரிக்காவில் விற்பனைக்கு விடுத்த வண்டிக்கு மூன்று சக்கரங்களே இருந்தன. 1982-இல் சுசுகி கம்பெனியார் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டனர். மூன்று சக்கர வண்டிகளால் விபத்துக்கள் மிகுந்தமையின், 1988-இல் அமெரிக்காவில் அவற்றின் புதுவிற்பனை நிறுத்தப்பட்டது. ஆஸ்திரேலியா, நியூஜீலந்து ஆகிய நாடுகளின் ஆட்டுப் பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் நான்கு சக்கர வண்டி இன்று அன்றாடக் கருவியாக விளங்குகிறது.

இவ்வண்டிகள் பலவற்றில் ரிம் எனப்படும் சக்கரவட்டு அலுமினியத்தாலானது. அது மங்கியதும் பளபளப்பாக்க வேண்டுமென்னும் அவா உடையவனுக்கு எழுவது இயல்பே. ஆயினும், மெருகிடுதல் அழகுக்காக மட்டும் செய்யும் வேலையன்று. உலோகம் அரிக்கப்படாமற் காப்பதும், விரிசல்களைக் காலத்தில் கண்டறிவதுமே அதன் தலையாய பிரயோஜனங்கள். முறை தவறிச் செய்யின் அதுவே உலோகத்திற்கு நாசமாகும். இவ்வண்டி இல்லாதவர்க்கும் இவ்விஷயம் பயன்படும். ஏனெனில், கைத்தெளிப்பான், களையெடுக்கும் இயந்திரம் முதலியவற்றின் சிறு பெட்ரோல் எஞ்சின்களிலும் அலுமினியப் பாகங்கள் உண்டு.

அலுமினியத்தின் இயல்பு

அலுமினியம் இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உடையது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் தானே உண்டாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றுட் சில கூறுகளின் கனமே அப்படலத்திற்கு உண்டு. எனினும் அதுவே உள்ளிருக்கும் உலோகத்திற்குக் கவசமாகும். இரும்பின் துரு உதிர்ந்து மேலும் மேலும் உள்ளே செல்லும்; அலுமினியத்தின் படலமோ ஒட்டிக்கொண்டு நின்று காக்கும்.

இக்கவசத்திற்குப் பகையாவன மூன்று. முதலாவது உப்பு. கடற்காற்று, குளிர்நாடுகளில் உறைபனியை உருக்கச் சாலையிலிடும் உப்பு, மியூரியேட் ஆப் பொட்டாஷ் உரம் ஆகியவற்றிலுள்ள குளோரைடு, படலத்தை ஆங்காங்கே துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். இரண்டாவது காரம். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் படலத்தைக் கரைத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் சுண்ணாம்பு கரைத்து வைக்கலாகாதென்பதை நம் வீட்டுப் பெண்டிர் அறிவர். மூன்றாவது செம்பு. போர்டோக் கலவை தயாரிக்குங்கால் தீட்டிய இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பதுண்டு. சுண்ணாம்பு போதாதாயின் கத்தியின்மேற் செம்பு படியும். அலுமினியத்தின்மேலும் செம்பு அவ்வாறே படியும். படிந்த ஒவ்வொரு பொட்டும், ஈரமுள்ள காலமெல்லாம், தன்னைச் சூழ்ந்த அலுமினியத்தை அரித்துக்கொண்டேயிருக்கும். சுண்ணாம்பு மிகுந்தாலோ காரத்தால் கேடு. ஆகையால் கலவை எவ்வாறிருப்பினும், மருந்தடித்த அன்றே சக்கரங்களை நன்னீரால் அலம்பிவிடல் வேண்டும்.

அரிப்பினால் வரும் அபாயம்

இவ்வண்டியின் டயர்களில் காற்றழுத்தம் மிகக் குறைவு; பெரும்பாலும் சதுர அங்குலத்திற்கு 5 ராத்தல் அளவினதே. மோட்டார் காரின் டயரிலோ பெரும்பாலும் 30 ராத்தல் அளவில் இருக்கும். டயரின் ஓரக்கட்டு வட்டில் பொருந்தும் இடம் அரிக்கப்பட்டு, வெண்பொடி பூத்துச் சொரசொரப்பாகுமாயின், அவ்வழியே காற்றுச் சிறிது சிறிதாகக் கசியும். 5 ராத்தலில் 2 ராத்தல் குறைவதும் பெரிய வேறுபாடே. ஒரு பக்கத்து டயர் மட்டும் தளர்ந்த வண்டி சரிவில் திரும்பும்போது தடுமாறும். கவிழ்தலே இவ்வண்டியால் நேரும் மரணங்களுக்கு முக்கிய காரணமாகையால், இதனை அற்ப விஷயமென்று எண்ணலாகாது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சாதாரண அளவுமானி திருத்தமாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்திற்கென்றே உள்ள மானியை உபயோகித்தல் வேண்டும்.

முதலில் அறிய வேண்டுவன

மெருகிடத் தொடங்குமுன், வட்டு எத்தகையதென்று தெளிதல் அவசியம். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. இம்முறை அதற்கு ஆகாது. ஒட்டாவிடில், மறைவான ஓரிடத்தில் சிறிது மெருகுப் பசையைத் துணியால் தேய்த்துப் பார்க்கவும். துணி கறுத்தால் வட்டு வெறும் உலோகம். கறுக்காவிடில் மேலே நிறமற்ற வார்னிஷ் பூச்சு உண்டென்று கொள்ளலாம். பூச்சு நன்றாக இருக்குமட்டும் சோப்பு நீரால் கழுவி மெழுகிடுவதே போதும். அதனைச் சுரண்டி எடுப்பவர், பின்னர் அடிக்கடி மெருகிடும் உழைப்பைத் தாமே வருவித்துக்கொள்கிறார். குரோமிய முலாம் பூசியவற்றையும், அனோடைஸ் செய்து நிறமேற்றியவற்றையும் உப்புத்தாளால் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் காப்பு நீங்கிப் போம். வீட்டில் அதனைத் திரும்ப உண்டாக்க இயலாது.

செய்முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான முட்டுக் கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றவும். சேற்றை நீரால் ஊறவைத்து அலம்பிய பின்னரே துடைத்தல் வேண்டும். மணலோடு துடைத்தால் கீறல் விழும்.

2. கழுவி உலர்ந்த வட்டை நல்ல வெளிச்சத்தில் ஆராயவும். நட்டுத் துளைகளின் ஓரம், காற்றுவாயின் ஓரம், கரங்கள் வட்டில் சேருமிடம் ஆகியவற்றில் மயிரிழை போன்ற விரிசல் உண்டாவெனப் பார்க்கவும். விரிசல் கண்ட வட்டை மெருகிட்டு மறைப்பதும், ஒட்டவைத்து ஓட்டுவதும் தகாது. அதனை நீக்கிவிடுதலே முறை.

3. கீறலும் குழியும் உள்ளவிடத்தை 400-ஆம் எண் நீர்த்தாளால் நனைத்துத் தேய்க்கவும். பின்னர் 600, 800, 1000 எனப் படிப்படியாக நுண்ணிய தாளுக்குச் செல்லவும். ஒவ்வொரு தாளையும் முந்தின தாளின் கோடுகளுக்குக் குறுக்கே ஓட்டி, அக்கோடுகள் முற்றும் மறைந்த பிறகே அடுத்ததை எடுக்கவேண்டும். பளபளப்பு வாராமைக்குக் காரணம் பெரும்பாலும் பசையின் குறையன்று. இப்படிகளில் ஒன்றைத் தாண்டியதேயாகும்.

4. மெருகுப் பசையைச் சிறிதே எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் மென்துணியால் தேய்க்கவும். துணி கறுக்கும், அக்கருமை நுண்பொடியான உலோகமும் ஆக்ஸைடுமே. பசை உலருமுன் வேறு தூய துணியால் துடைத்துவிடவும்.

5. மீண்டும் சோப்பு நீரால் கழுவி, ஈரம் போக்கி, மெழுகு பூசவும். மெருகிட்ட உலோகம் வெறுமையாக நின்றால் விரைவில் மங்கும். மெழுகே அதற்கு மேற்கவசம்.

6. டயர் பொருந்தும் உட்புறத்தை ஆழமாகத் தேய்க்கலாகாது. வெண்பொடியை நைலான் நாரால் இலேசாக நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளவும். டயரைக் கழற்றி மாட்டும் வேலையைப் பழகியவரிடம் விடுவதே நலம்.

7. சக்கரத்தை மாட்டும்போது நட்டுக்களை எதிரெதிராக முறுக்கி, வண்டியின் கைப்புத்தகத்திற் கண்ட அளவுக்கு இறுக்கவும். சிறிது தூரம் ஓட்டியபின் இறுக்கத்தை மறுபடி சோதிக்கவும்.

விலக்க வேண்டுவன

இரும்புக் கம்பிநாரால் தேய்த்தல் ஆகாது. அதன் துணுக்குகள் அலுமினியத்திற் பதிந்து துருப்பிடிக்கும். காஸ்டிக் சோடாவும் சலவைச் சோடாவும் அறவே கூடா. சக்கரத்தை நொடியில் வெளுப்பாக்குமென விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. நீர்த்த நிலையில் அது தோலிற் பட்டவுடன் எரிச்சல் தோன்றாமலே உள்ளிறங்கித் தசையையும் எலும்பையும் கெடுக்கும். அதனைத் தொடாதிருத்தலே உத்தமம்.

வட்டைத் தீயாற் காய்ச்சுதலும் கூடாது. அலுமினியம் இரும்பைப்போல் பழுக்கக் காய்ந்து எச்சரிப்பதில்லை. 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். அதற்கு வெகுமுன்னரே வலிமை குன்றும்.

பிரேக்குத் தட்டிலும் கட்டையிலும் பசையோ மெழுகோ ஒரு துளியும் படலாகாது. கால் வைக்கும் படியையும், டயரின் தரைபடும் பகுதியையும் வழுக்கும் பொருளால் பளபளப்பாக்கலாகாது. மின்சாரத்தால் சுழலும் மெருகுச் சக்கரத்தை உபயோகிப்போர் துண்டு, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றை ஒடுக்கிக்கொண்டு, கண்ணாடியும் முகத்திரையும் அணியவேண்டும். காற்றிற் பறக்கும் அலுமினியப் பொடி தீப்பற்றும்; அப்பொடி எரிந்தால் நீர் ஊற்றாது உலர்ந்த மணலால் மூடவேண்டும்.

கிராம அலுவலர் கவனத்திற்கு

மருந்தும் உரமும் படிந்த வண்டிகளையும் கருவிகளையும் குளத்திலும் குடிநீர்க் கிணற்றடியிலும் கழுவ இடந்தரலாகாது. செம்பு மிகச் சிறிதளவிலேயே மீன்களுக்கு விஷமாகும். நீர்நிலைக்கு எட்டத்தில், கழிவுநீர் ஓடிச் சேராத திடலொன்றை இதற்கென ஒதுக்குதல் நன்று.

ஒவ்வொரு மெருகிலும் உலோகம் சிறிது தேய்கின்றது. ஆகவே அடிக்கடி கழுவுதல், பார்த்துப் பார்த்து மெழுகிடுதல், அருகி மெருகிடுதல் என்னும் வரிசையைக் கைக்கொள்ளல் வேண்டும். சக்கரத்தின் ஒளியைக் கண்டு மகிழ்வதினும், அதன் விரிசலை முன்னதாகக் காண்பது உடையவனுக்கு மேலான இலாபமாகும்.