மூளையின் மதிலும் மருந்தைச் சுமக்கும் நுண்துகள்களும்



இம்மருத்துவமனை ஊழியத்தை உங்கள் ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிறீர்கள். அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம்.

"நானோ துகள் மருந்து நேராக மூளைக்குள் போய் வேலை செய்கிறதாமே, அது நம் மருத்துவமனையில் உண்டா? அதற்கென்று தனியே காணிக்கை அனுப்பலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதைக் குறித்து நம் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் வாசித்தறிந்ததையும் எளிய முறையில் இங்கே எழுதுகிறேன்.

சிருஷ்டிகர் வைத்த மதில்

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து விஞ்ஞானி பால் எர்லிக், ஆய்வுப் பிராணிகளின் இரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தினார். உடலின் மற்ற உறுப்புகளில் சாயம் ஏறியது. மூளையில் மாத்திரம் ஏறவில்லை. 1913-இல் அவருடைய மாணாக்கர் எட்வின் கோல்ட்மான், மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலேயே சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். அப்பொழுது மூளையில் சாயம் ஏறியது. மற்ற உறுப்புகளில் ஏறவில்லை. இரத்தத்திற்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறதென்பது இதனால் விளங்கியது.

1967-இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறதென்று காட்டினார்கள். உடலின் பிற பாகங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் சிறு இடைவெளிகள் உண்டு. மூளையிலோ அச்சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்தாற்போல் இணைந்திருக்கின்றன.

இந்த மதில் நமக்கு நன்மைக்கே. நாம் உண்ணும் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் இரத்தத்தின் தன்மை மாறுகிறது. நச்சுப் பொருள்களும் கிருமிகளும் அதில் கலக்க நேரிடுகிறது. மென்மையான மூளை நரம்புகள் இவற்றைத் தாங்கமாட்டா. ஆயினும் மதில் முழுவதும் அடைபட்டதல்ல. எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா வாசல்களையும் வைத்து, வாசல் காவலாளரையும் ஏற்படுத்தினார் அல்லவா? அதுபோல மூளைக்குத் தேவையான சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தின் சிறு கூறுகளும் அவற்றிற்குரிய வாசல்கள் வழியாக உள்ளே அனுமதிக்கப்படுகின்றன.

மருந்துகளில் பெரும்பாலானவைக்கு அப்படிப்பட்ட வாசல் இல்லை. பார்க்கின்சன் நோயில் மூளைக்குக் குறைவுபடும் பொருள் டோபமைன். அதை ஊசியில் போட்டால் மூளைக்குள் செல்லாது. ஆனால் லெவோடோபா என்னும் மருந்து புரதக் கூறுகளின் வாசல் வழியாக நுழைந்து, உள்ளே போய் டோபமைனாக மாறுகிறது. மதிலை இடிக்காமல் வாசல் வழியே செல்லும் மருந்துக்கு இது நல்ல உதாரணம்.

சுமந்து செல்லும் துகள்கள்

தனக்கென்று வாசல் இல்லாத மருந்தை வேறொன்றில் ஏற்றி அனுப்ப முடியுமா என்பதே நானோ ஆய்வின் கேள்வி. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். மருந்தைச் சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் 100 நானோமீட்டர் அளவிலும் அதற்குக் குறைவாகவும் இருப்பவை.

இங்கிலாந்தில் அலெக் பாங்காம் என்பவர் 1960-களில், கொழுப்புப் பொருள்கள் நீரில் தாமாகவே சிறு குமிழிகளாக உருவாவதைக் கண்டறிந்தார். இவை லிப்போசோம் எனப்படும். இவற்றிற்குள் மருந்தை வைத்து அனுப்பலாம். 1995-இல் ஜெர்மனியில் யோர்க் குரோய்டரின் குழுவினர், வலி தீர்க்கும் ஒரு மருந்தை நுண்துகள்களில் ஏற்றி எலிகளுக்குக் கொடுத்தார்கள். தனியே கொடுத்தால் மூளையை எட்டாத அம்மருந்து, மேற்பூச்சுள்ள துகளில் ஏறியபோது வேலை செய்தது. இரத்தத்திலுள்ள ஒரு புரதம் அப்பூச்சின்மேல் ஒட்டிக்கொள்வதால், வாசல் காவலர் துகளைக் கொழுப்புச் சத்தென்று எண்ணி உள்ளே விடுவதாகப் பின்னர் விளக்கினார்கள்.

இன்று கையில் இருப்பது

இனி நம் வார்டுகளுக்கு வருவோம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மண்ணிலும் புறா எச்சத்திலும் வாழ்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றின் வழியாக அது நுரையீரலுக்குள் வருகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு, முக்கியமாக எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு, அது மூளையையும் மூளை உறையையும் தாக்குகிறது. வாரக்கணக்கில் நீங்காத தலைவலி, காய்ச்சல், வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை இதன் அடையாளங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் மரணமே.

இதற்குரிய பழைய மருந்தாகிய ஆம்போடெரிசின்-பி பூஞ்சையைக் கொல்லும். ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும், இரத்தசோகையையும் உண்டாக்கும். அதை நாள்தோறும் டிரிப்பில் ஏற்ற வேண்டும்; இரத்தப் பரிசோதனையும் அடிக்கடி செய்ய வேண்டும். அதே மருந்தை லிப்போசோமுக்குள் வைத்தால் சிறுநீரகத்திற்கு வரும் கெடுதல் குறைகிறது. ஆகவே ஒரே நேரத்தில் பெரிய அளவாகக் கொடுக்க முடிகிறது. முயல்களில் செய்த ஆய்வில், மூளைத் திசுவில் இம்மருந்து மற்ற வகைகளைவிட அதிகமாகச் சேர்ந்தது.

இந்நோய் மிகுதியாய்க் காணப்படும் ஆப்பிரிக்காவிலே, போட்ஸ்வானா, மலாவி, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய 5 நாடுகளில் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2022-இல் வெளியாயின. லிப்போசோம் மருந்தை ஒரே ஒரு முறை கொடுத்து, கூடவே வேறு இரண்டு மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தவர்களில் 10 வாரத்திற்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 24.8 பேர். 7 நாள் டிரிப் ஏற்றிய பழைய முறையிலோ நூற்றுக்கு 28.7 பேர். கடுமையான பக்க விளைவுகளும் புதிய முறையில் குறைவாகவே இருந்தன. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. இன்னும் நால்வரில் ஒருவர் இறக்கிறார் என்பதையும் மறைக்கலாகாது. சீக்கிரம் வருகிறவர்களே பெரும்பாலும் பிழைக்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்நோயை அறிய முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றதும், "கால் விழுந்துவிடும்" என்று பயந்து நோயாளியை வீட்டிற்கு அழைத்துச் செல்கிறவர்கள் உண்டு. அந்த நீரை எடுப்பது நோயை அறிவதற்கு மட்டுமல்ல. இந்நோயில் மூளையின் அழுத்தத்தைக் குறைத்து உயிரையும் பார்வையையும் காப்பதற்கும் அதுவே வழி. உங்கள் சபைகளில் இதை எடுத்துச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்ற பெயரைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். நம் ஆண்டவர் குஷ்டரோகியைக் கைநீட்டித் தொட்டவர்.

இன்னும் கைக்கு வராதது

மூளைக்கட்டி உள்ள ஒரு பிள்ளையின் தகப்பனார் என்னிடம், "ஐயா, வீட்டை வித்தாவது அந்த நானோ மருந்தை வாங்கிடலாமா?" என்று கேட்டார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தத்தின் வழியாகச் சென்று, மதிலைக் கடந்து, மூளைக்கட்டியைக் குணமாக்கும் நானோ மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எலிகளில் பலித்தது மனிதரிடத்தில் பலிக்க நெடுங்காலம் செல்லும், பலிக்காமலும் போகலாம். சிலவகை மூளைக்கட்டிக்கு இன்று கொடுக்கும் டெமோசோலமைடு கூட நானோ துகள் அல்ல. தானாகவே மதிலை ஓரளவு கடக்கக்கூடிய சாதாரண மருந்துதான். அந்தத் தகப்பனார் வீட்டை விற்கவில்லை. பிள்ளைக்கு அறுவையும் கதிர் சிகிச்சையும் நடைபெறுகின்றன.

விளம்பரங்களை நம்பிச் சொத்தை விற்கும் முன், சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது மனிதரிடத்தில் சோதிக்கப்பட்டு, பிழைத்தவர்களின் கணக்கு வெளியாகியிருக்கிறதா?" இப்படிக் கேட்பது அவிசுவாசமல்ல. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படி பவுல் அப்போஸ்தலனும் சபைக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்.

உங்கள் பங்கு

லிப்போசோம் மருந்து 50 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு வேளை சிகிச்சைக்கு 500 மில்லிகிராம், அதாவது 10 குப்பிகள் தேவை. ஒவ்வொரு குப்பியின் விலையும் பழைய மருந்தைவிடப் பல மடங்கு. கூலி வேலை செய்யும் குடும்பத்தால் இதைத் தாங்க இயலாது. ஆகவே புதுமையான சிகிச்சைக்கென்று அனுப்ப விரும்பும் காணிக்கையை, சோதித்து அறியப்பட்ட இம்மருந்துக்கென ஏழை நோயாளர் நிதிக்கு அனுப்பும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்தார்கள். 10 குப்பிகளை 10 குடும்பங்கள் சேர்ந்து சுமக்கலாம்.

ஜெபக்குறிப்புகள்

1. மூளை உறை அழற்சியினால் சிகிச்சை பெறுகிறவர்கள் தாமதமின்றி வந்து சேரவும், பார்வை இழக்காமல் காக்கப்படவும்.
2. மூளைக்கட்டியோடு போராடும் பிள்ளைகளுக்காகவும், அவர்களுடைய பெற்றோரின் மன உறுதிக்காகவும்.
3. மூளையின் மதிலைக் கடக்கும் வழிகளை ஆராயும் விஞ்ஞானிகளுக்கு ஞானமும் நேர்மையும் அருளப்படவும்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள் அன்புச் சகோதரன்,
மருத்துவமனை ஆயர்