நல்ல சதுரங்க வீரர் யார்?

குறுவட்டப் போட்டியில் முதலிடம் பெற்ற தொண்டாமுத்தூர் வட்டார மாணவர் ஒருவர், கோவையில் நடக்கும் தரப்புள்ளிப் போட்டிக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். அங்கே எல்லா ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பலாம். அப்படியானால் அவர் நல்ல வீரரா, இல்லையா? அந்த நேரத்தில் ஆசிரியர் சொல்லும் ஒரு சொல், அவர் தொடர்ந்து ஆடுவதையோ விட்டுவிடுவதையோ முடிவு செய்துவிடும். எனவே தரப்புள்ளி என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

எண் சொல்வது என்ன?

இம்முறையை வகுத்தவர் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பட் ஈலோ. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் இதை ஏற்றுக்கொண்டது. இது தேர்வு மதிப்பெண் போன்றதன்று. யாருடன் ஆடி என்ன முடிவு கண்டார் என்பதன் கணக்கு. வெற்றிக்கு 1, சமனுக்கு அரை எனக் கொண்டால், 200 தரப்புள்ளி கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டங்களில் சுமார் 76 பெறுவார் என எதிர்பார்க்கலாம்.

1500 தரப்புள்ளி உள்ள பள்ளி மாணவர் 1700 உள்ளவரை வென்றால் சுமார் 30 புள்ளிகள் கூடும். தோற்றால் சுமார் 10 மட்டுமே குறையும். வலியவரிடம் தோற்பதால் இழப்பு குறைவு என்பதை மாணவருக்கு இந்தக் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

படிநிலைகள்

2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியலின் தொடக்க எண் 1400. கேண்டிடேட் மாஸ்டருக்கு 2200, ஃபிடே மாஸ்டருக்கு 2300 வேண்டும். இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2400, கிராண்ட்மாஸ்டருக்கு 2500. இவ்விரண்டுக்கும் வலுவான போட்டிகளில் மூன்று தகுதிநிலைகளும் தேவை. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நம் கொங்கு மண்ணின் ஈரோட்டைச் சேர்ந்த இனியன் 2019இல் அப்பட்டத்தைப் பெற்றார்.

1400 உள்ள மாணவரைப் பள்ளியில் வெல்ல ஆளிருக்காது. 2200 உள்ளவரிடம் அவர் அநேகமாக எப்போதும் தோற்பார். ‘நல்ல வீரர்’ என்பது எதிரே அமர்பவரைப் பொறுத்தது.

திறன் எங்கே இருக்கிறது?

உளவியலாளர்கள் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உண்மையான ஆட்ட நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தபோது, தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது அவருக்கும் புதியவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேர்ந்தவரிடம் இருந்தது தனிப்பட்ட நினைவாற்றல் அன்று. பல ஆட்டங்களில் பழகிய அமைப்புகளின் சேமிப்பு. அது பயிற்சியால் வருவது.

ஆசிரியர் கவனிக்க

• காய்களைச் சும்மா வெட்டுக் கொடுப்பது குறைகிறதா?
• எதிராளியின் நகர்வுக்குக் காரணம் சொல்ல முடிகிறதா?
• நகர்வுகளைக் குறித்து வைத்து, தோற்ற ஆட்டத்தை மீண்டும் ஆடிப் பார்க்கிறாரா?

இவற்றைக் கண்டறியத் தரப்புள்ளி தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு குறிப்பேடும் போதும். மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த மாணவர் வளர்கிறார். அதைப் பெற்றோரிடமும் அவரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்த போட்டிக்கும் அனுப்புங்கள்.