பயனர் கணக்கின் மொழிச்சூழல் அமைவும் தமிழ்ச் சொல்வரிசையும்: லினக்ஸ் முனையத்தில் பிழை கண்டறிதல்

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் முனையத்தில் ஒரே தமிழ்த் தரவுக்கோப்பு இரு பயனர் கணக்குகளில் இருவேறு அகரவரிசையையும் இருவேறு எழுத்தெண்ணிக்கையையும் தருவதுண்டு. பயனர் கணக்கின் மொழிச்சூழல் அமைவே பெரும்பாலும் இதற்குக் காரணம். சென்னையின் மேற்குப் புறநகர் ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு, இப்பிழை தோன்றும் முறையையும் அதனைக் கண்டறிந்து களையும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், முனையம், பயனர் கணக்கு, மொழிச்சூழல், அகரவரிசை, ஊர்ப்பெயராய்வு

முன்னுரை

சொல்லடைவு, தொடரடைவு, ஊர்ப்பெயர்த் தொகுப்பு ஆகியவற்றை உருவாக்குவோர் இன்று லினக்ஸ் முனையக் கட்டளைகளை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், உபுண்டு போன்றவை கல்வி நிறுவனங்களில் புழங்குகின்றன. இக்கணினிகளைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதால் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைகிறது. ஒரு கணக்கில் சரியாக இயங்கிய கட்டளை மற்றொரு கணக்கில் வேறு விடை தரும்போது, தரவையோ நிரலையோ ஐயுறுவது இயல்பு. பிழை அவ்விரண்டிலும் இல்லாமல் கணக்கின் அமைவில் இருக்கக்கூடும்.

1. மொழிச்சூழல் என்பது யாது?

எழுத்துகளை எவ்வாறு இனங்காண்பது, எவ்வரிசையில் அடுக்குவது, செய்திகளை எம்மொழியில் காட்டுவது என்பனவற்றை வரையறுக்கும் அமைவுத் தொகுதியே மொழிச்சூழல் (லோக்கேல்). எழுத்தினங்காணலை ‘எல்சி_சிடைப்’ என்னும் மாறியும், வரிசையாக்கத்தை ‘எல்சி_கொலேட்’ என்னும் மாறியும் ஆள்கின்றன. இவை தரப்படாதவிடத்து ‘லாங்’ மாறியின் மதிப்பு கொள்ளப்படும். ‘எல்சி_ஆல்’ மாறிக்கு மதிப்பளிக்கப்பட்டால் அது மற்றனைத்தையும் மீறிச் செல்லும். எதுவும் தரப்படாவிடின் ‘சி’ எனப்படும் அடிப்படைச் சூழல் இயங்கும். அது தமிழை எழுத்தாக அறியாது. பைட்டுகளின் தொடராக மட்டுமே காணும்.

2. எண்ணிக்கைப் பிழை

‘ஆவடி’ என்னும் பெயரில் தமிழ் மரபுப்படி மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அது ஆ, வ, ட, இகரக்குறி என நான்கு குறியீடுகளாகப் பதிவாகிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்வதால் மொத்தம் 12 பைட்டுகள் ஆகின்றன. எழுத்துகளை எண்ணுமாறு ‘டபிள்யூசி’ கட்டளையைப் பணித்தால், யுடிஎஃப்-8 சூழலில் 4 என்றும் ‘சி’ சூழலில் 12 என்றும் விடை வரும் (வரிமுடிவுக் குறி நீங்கலாக). மூன்று என்னும் விடை எச்சூழலிலும் வாராது; அதற்கு உயிர்மெய்யை ஓரலகாகக் கொள்ளும் தனி நிரல் வேண்டும்.

3. வரிசைப் பிழை

ஒருங்குறியில் இந்திய எழுத்துகளின் இடவைப்பு இஸ்கி குறியீட்டு முறையைத் தழுவியது. ஆதலின் ‘ன’ தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நில்லாமல், ‘ந’வை அடுத்து, ‘ப’வுக்கு முன் நிற்கிறது. ‘ழ’, ‘ள’, ‘ற’ ஆகியனவும் இடம் மாறியுள்ளன.

அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கம், அயனம்பாக்கம் என்னும் இரு ஊர்ப்பெயர்களை நோக்குக. தமிழ் மரபில் அயப்பாக்கம் முன்வரும். ‘சி’ சூழலில் ‘சார்ட்’ கட்டளை அயனம்பாக்கத்தை முன்வைக்கும். அவ்வாறே, புள்ளிக்குறி உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் இடம்பெற்றுள்ளமையால், ‘சி’ சூழலில் அமைந்தகரை முன்னும் அம்பத்தூர் பின்னும் வரும். மெய்யை உயிர்மெய்க்கு முன் நிறுத்தும் அடைவில் இவ்வரிசை தலைகீழாகும்.

இது வரிசை அழகைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று. இரு பட்டியல்களின் பொதுமையையும் வேறுபாட்டையும் காட்டும் ‘காம்’ கட்டளை, இரண்டும் ஒரே முறையில் வரிசைப்பட்டுள்ளன என்னும் கருதுகோளில் இயங்குவது. பழைய ஆவணப் பட்டியல் ‘சி’ சூழலிலும், களஆய்வுப் பட்டியல் தமிழ்ச் சூழலிலும் வரிசைப்படுத்தப்பட்டதாகக் கொள்வோம். ‘சி’ சூழலில் ஒப்பிடும்போது, முதற்பட்டியலின் தொடக்கத்திலுள்ள அயனம்பாக்கம் அதற்கு மட்டுமே உரியதெனக் காட்டப்படும், அயப்பாக்கம் பொதுவெனப்படும், இரண்டாம் பட்டியலின் அயனம்பாக்கம் மீண்டும் அதற்கு மட்டுமே உரியதாகத் தோன்றும். இரு பட்டியல்களிலும் உள்ள ஊர், ஒன்றில் மறைந்து மற்றொன்றில் புதிதாகத் தோன்றியதாக ஆகிவிடுகிறது. வரிசை பிறழ்ந்துள்ளதெனக் கட்டளை எச்சரித்தாலும், வெளியீடு கோப்பில் சேமிக்கப்படும்போது அவ்வெச்சரிக்கை கவனத்திற்கு வாராமற் போகலாம். ஊர்ப்பெயர் மாற்றம் குறித்த முடிவு இதன்மேல் எழுப்பப்படின் அது முற்றிலும் பிழையாகும்.

4. கண்டறியும் முறை

முதலில், ‘லோக்கேல்’ கட்டளையை இயக்கி மாறிகளின் மதிப்பைக் காண வேண்டும். மேற்கோள் குறிக்குள் வருவன பிற மாறியிலிருந்து பெறப்பட்டவை; குறியின்றி வருவன நேரடியாகத் தரப்பட்டவை. இரண்டாவதாக, ‘சார்ட்’ கட்டளையை ‘டீபக்’ விருப்பத்துடன் இயக்கினால், எச்சூழலின் விதிகள் பின்பற்றப்படுகின்றன என்பதை அது தெரிவிக்கும். மூன்றாவதாக, கணினியில் நிறுவப்பட்ட சூழல்களின் பட்டியலில் தமிழ் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லாத சூழலைக் கணக்கில் குறித்திருந்தால் ‘சார்ட்’ அமைதியாக ‘சி’ சூழலுக்குத் திரும்பிவிடும்.

அடுத்து, அமைவு எங்கிருந்து வருகிறது என ஆராய வேண்டும். மூன்று இடங்கள் குறிப்பிடத்தக்கவை.

அ. கட்டளைகளை விரைவுபடுத்தும் பொருட்டு ‘எல்சி_ஆல்’ மாறிக்கு ‘சி’ மதிப்பளிக்கும் வரியை ‘.பேஷ்ஆர்சி’ கோப்பில் எழுதி மறந்துவிடுதல்.

ஆ. புதிதாக நிறுவப்பட்ட மென்பொருள் ‘.பேஷ்_புரொஃபைல்’ கோப்பை உருவாக்குதல். அக்கோப்பு இருப்பின் உள்நுழைவின்போது ‘.புரொஃபைல்’ படிக்கப்படாது, அதிலுள்ள மொழி அமைவு பயனற்றுப் போகும்.

இ. தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழி நுழைதல். டெபியனின் இயல்பமைவில் பயனரது கணினியின் மொழி மாறிகள் வழங்கிக்கு அனுப்பப்படுகின்றன. எனவே ஒரே கணக்கு, வீட்டிலிருந்து நுழையும்போது ஒருவிதமாகவும் ஆய்வகத்தில் வேறுவிதமாகவும் இயங்கக்கூடும்.

5. களையும் முறை

தமிழ்ச் சூழல் நிறுவப்படவில்லையெனில் நிருவாகியைக் கொண்டு அதனை உருவாக்கலாம். நிறுவப்பட்டிருப்பின், பட்டியலில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் ‘எல்சி_கொலேட்’, ‘எல்சி_சிடைப்’ ஆகிய இரண்டிற்கும் ‘.புரொஃபைல்’ கோப்பில் தருதல் போதுமானது. ‘எல்சி_ஆல்’ மாறியை நிலையாக அமைத்தல் தவிர்க்கத்தக்கது. ‘சி.யுடிஎஃப்-8’ என்னும் சூழல் ‘ஆவடி’க்கு 4 என எண்ணினும், வரிசையைக் குறியீட்டெண்படியே அடுக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டிற்கு எச்சூழலும் பொருந்தும். ஆனால் இரு பட்டியல்களும் ஒப்பிடும் கட்டளையும் ஒரே சூழலில் இயங்க வேண்டும். ஆகவே மொழிச்சூழலை நிரலின் முதல் வரியிலேயே குறித்தல் நன்று. அவ்வாறாயின் விடை எவருடைய கணக்கையும் சார்ந்திராது.

முடிவுரை

லினக்ஸின் அடிப்படை நூலகமான கிளிப்சியின் 2.28 பதிப்பில் (2018) வரிசை அட்டவணைகள் பெருமளவு மாற்றப்பட்டன. ஆதலின் பதிப்பு மாறும்போதும் வரிசை மாறலாம். அயப்பாக்கம், அயனம்பாக்கம் போன்ற சில சோதனைச் சொற்களை முதலில் வரிசைப்படுத்திப் பார்த்தபின் முழுத்தரவைக் கையாளுதல் பாதுகாப்பானது. கணினிவழி அடைவுகளைப் பயன்படுத்தும் ஆய்வேடுகள், தம் ஆய்வு முறையியலில் மொழிச்சூழலின் பெயரையும் நூலகப் பதிப்பையும் குறிப்பிடுதல் வேண்டும். அப்போதுதான் அடுத்த ஆய்வாளர் அதே தரவிலிருந்து அதே முடிவைப் பெற இயலும்.