தூரோடு வாங்குங்கள்!

தேவகோட்டையைத் தாண்டித் திருவாடானைப் பக்கம் போனால், மண்மேடுகளிலிருந்து புகை கசிவதைப் பார்க்கலாம். கரிமூட்டம். சீமைக்கருவேலங் கட்டைகளை நெருக்கி அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள் காவல் இருப்பார்கள். வெள்ளையாய்த் திரளும் புகை நீலம் பாய்ந்து மெலிந்தால் கரி விளைந்துவிட்டது என்று கணக்கு. ஒரு டன் கரிக்கு நாலைந்து டன் விறகு உள்ளே போகிறது. எரிவாயுவும் தாரும் மரச் சாராயமுமாக மிச்சமெல்லாம் காற்றோடு போகிறது.

இந்த விறகை வீணாக்காமல் எரிபொருளாக்க முடியும். அரியானாவின் பானிபட்டில் 2022 முதல் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். அசாமின் நுமாலிகரில் மூங்கிலுக்கும் ஆலை வந்துவிட்டது. நாரை இறுகப் பிடித்திருக்கும் லிக்னினைத் தளர்த்தி, செல்லுலோஸைச் சர்க்கரையாக்கி, நொதிக்க வைக்கும் வேலை அது. சீமைக்கருவேலத்தில் லிக்னின் அதிகம், பாடும் அதிகம். அதை நேரடியாக எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் தென்மாவட்டங்களுக்கு முன்பே வந்துவிட்டன.

என் கவலை ஆலையைப் பற்றியதல்ல, தூரைப் பற்றியது. கண்மாய்க் கருவையை ஏலம் எடுப்பவர்கள் தரைக்கு மேலே அறுத்து லோடு ஏற்றிவிடுகிறார்கள். தூரைப் பறிக்க இயந்திர வாடகை கட்டாது என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துக் கிளை வெடிக்கிறது. 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி ஊர் ஊராக வெட்டினோமே, தூர் கிடந்த இடமெல்லாம் இன்று மறுபடி காடுதான். விறகுக்கு நிரந்தரமாக ஆள் வந்துவிட்டால், கண்மாய் கருவை விளையும் வயலாகிவிடும். அப்புறம் தண்ணீர் எங்கே நிற்கும்?

விறகெல்லாம் ஆலைக்குப் போனால் கரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே. தூர் பறிக்கும் வேலையில் அவர்களுக்கே முதல் உரிமை தரலாம்.

தூரும் விறகுதான், நல்ல கனமான விறகு. அதற்கும் கட்டைக்குக் கொடுக்கும் விலையையே ஆலை கொடுக்கட்டும். தூரோடு எடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுதட்டும். கருவை தீர்ந்த பிறகு ஆலையின் தீனிக்குக் கடலைத்தோலும் கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் இருக்கின்றன. கண்மாய்க்குத்தான் மாற்று இல்லை.