மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயின் கதை

நம் சங்கத்தில் பொங்கல் விழா முடிந்த மறுவாரம், நெடுநாள் நண்பர் ஒருவரின் மகன் என் வீட்டுக்கு வந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு, வெளியூரில் விடுதி வாசம். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவன், "மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தான். அவன் அனுமதியுடன், பெயரை மட்டும் விட்டுவிட்டு, இதை எழுதுகிறேன். பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதே காரணம்.

மாதக் கடைசியில் பணம் தீர்ந்து போகவே, கைப்பேசியில் வந்த கடன் செயலி ஒன்றில் ரூ.5,000 கேட்டிருக்கிறான். 'சேவைக் கட்டணம்' என்று ரூ.1,500 பிடித்துக்கொண்டு ரூ.3,500 கொடுத்தார்கள். ஏழே நாளில் ரூ.5,000 திருப்ப வேண்டும். முடியவில்லை. அதை அடைக்க வேறொரு செயலியில் கடன். அங்கும் நூற்றுக்கு முப்பது பிடித்தம். கையில் ரூ.5,000 வரவேண்டுமானால் ரூ.7,143க்குக் கடன் வாங்க வேண்டும். அடுத்த வாரம் அதுவே ரூ.10,204, பிறகு ரூ.14,577, ஐந்தாவது வாரம் ரூ.20,825. அவன் செலவழித்தது என்னவோ முதலில் வந்த ரூ.3,500 மட்டும்தான்! இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது பையன் அழுதுவிட்டான். கட்டாவிட்டால் கைப்பேசியில் உள்ள எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்புவோம் என்று மிரட்டலும் வந்திருந்தது.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில், மெஸ் பாக்கிக்காக அப்பாவின் கைக்கடிகாரத்தை அடகு வைத்தவன்தான். வீட்டில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அதை மீட்கவே இல்லை. அப்பா காலமாகும் வரை உண்மையைச் சொல்லவுமில்லை. கடன் கொடுத்த வேதனையைவிட அந்தப் பொய் கொடுத்த வேதனை பெரிது. அதனால் அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "இன்றைக்கே அப்பாவிடம் சொல். நானும் கூட வருகிறேன்."

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மூவாயிரம் ரூபாயை என்கிட்ட கேட்கக் கூடாதாடா?" என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே சைபர் குற்ற உதவி எண் 1930க்குத் தகவல் கொடுத்தோம். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்திலும் புகார் பதிவு செய்தோம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்தது உதவியாக இருந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்பதை அன்றோடு நிறுத்தினான்.

ஒழுங்கான கடன் எது என்று தெரிந்துகொள்வது எளிது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பணம் என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பேசியில் உள்ள எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. இவற்றில் ஒன்று பிசகினாலும் தொடாதீர்கள்.

சரி, பணம் ஏன் தீர்ந்தது? விடுதி, மெஸ் கட்டணம் போக மாதம் ரூ.6,000 அனுப்பி வந்தார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாலைச் சிற்றுண்டி நாளொன்றுக்கு ரூ.80 வீதம் 25 நாளைக்கு ரூ.2,000. மெஸ்ஸில் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு வெளியே போயிருக்கிறது. நோட்டை எண்ணிக் கொடுத்தால் கை சற்றுத் தயங்கும். கைப்பேசியைக் காட்டிக் கட்டும்போது அந்தத் தயக்கம் இல்லை.

ரயில்வேயில் நான் தண்டவாளப் பிரிவில் இருந்தவன். அங்கே கீமேன் என்றொரு ஊழியர் உண்டு. தன் பங்குக்குரிய பாதை முழுவதையும் தினமும் நடந்து பார்த்து, தளர்ந்த பிடிப்புகளை அன்றைக்கே இறுக்கிவிடுவார். செலவுக்கும் அப்படி ஒரு தினசரி பார்வை வேண்டும். இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய செலவை எழுதினால் போதும்.

அவனுக்காக நாங்கள் செய்த ஏற்பாடு இது:

ஒன்று: மாதப் பணத்தை மொத்தமாக அனுப்பாமல், திங்கள்தோறும் ரூ.1,200. நான்கு வாரத்துக்கு ரூ.4,800. மீதி ரூ.1,200இல் ரூ.700 கைப்பேசிக்கும் பயணத்துக்கும். ரூ.500 அவசரத்துக்கு அம்மாவிடம் இருக்கும். ஓர் ஆண்டில் அது ரூ.6,000 ஆகும்.

இரண்டு: பாடப் புத்தகங்களை முதலில் நூலகத்திலும், அடுத்து மேல் வகுப்பு மாணவர்களிடமும் கேட்பது. கடைக்குப் போவது கடைசியில்தான்.

மூன்று: ஊருக்கு வர ரயில்வே மாணவர் சலுகை. எங்களைப் போன்ற மூத்த குடிமக்களுக்கான சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டாலும், மாணவர் சலுகை நீடிக்கிறது. இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் 50 சதவீதம், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மாணவர்களுக்கு 75 சதவீதம் குறையும். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 25. கல்லூரி முதல்வரிடம் சலுகைச் சான்று பெற்று, முன்பதிவு நிலையக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். பல மாணவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் கணக்குக் கேளுங்கள், ஆனால் போலீஸ்காரர் போலக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு வரவு செலவையும் அவர்களுக்குக் காட்டுங்கள். வீட்டு நிலைமை தெரிந்த பிள்ளை வீண் செலவு செய்யத் தயங்கும். தவறு நடந்தால் முதலில் உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் அதற்கு இருக்க வேண்டும். அந்தத் தைரியம் இருந்திருந்தால், என் அப்பாவின் கடிகாரம் இன்று என் கையில் இருந்திருக்கும்.