மணத்தக்காளிக்கு மண் எது?

வாய்ப்புண் என்றாலே மணத்தக்காளிக் கீரைதான். அது வளரும் மண்ணைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை!

பண்ருட்டிச் செம்மண் பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போனது. தண்ணீர் தேங்காது, ஆனால் மக்குச்சத்து குறைவு. இரண்டு பங்கு செம்மண்ணோடு மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து தொட்டியை நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் வேர் வெந்துவிடும்.

பக்கத்தில்தானே நெய்வேலி, சாம்பல் கொஞ்சம் தூவலாமே என்று நினைக்காதீங்க. விறகடுப்புச் சாம்பல் ஒரு சிட்டிகை போடலாம். அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. பழுப்பு நிலக்கரி எரிந்த அந்தச் சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்றவை சிறிதளவு இருக்கும். செங்கல் அறுக்க அது சரி. கீரையோ மண்ணில் உள்ளதை வேர் வழியே உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை தடவை அலசினாலும் போகாது.

கத்தரி, தக்காளி, மிளகாய் வாடிச் செத்த பழைய தொட்டி மண்ணும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம். அந்த வாடல் நோய் இதற்கும் தொற்றும்.